கழுத்துச் சுரப்பி மிகுந்தவர்க்கு ஆகாரம்



தென்காசி, கடையநல்லூர், ஆலங்குளம் சுற்றுப்புறங்களில் பீடி சுற்றும் பெண்மணிகள் அநேகர். ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி பெறுபவளுக்குக் கைவிரல்களே மூலதனம். அத்தகைய ஒருத்திக்கு விரல் நடுங்கத் தொடங்குகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். இலை முன்போல் மடங்குவதில்லை. மாலையில் எண்ணிக்கை குறைகிறது. பசியோ அதிகம், உண்டும் உடல் மெலிகிறது. நெஞ்சு படபடக்கிறது; வியர்வை பெருகுகிறது; வயிறு அடிக்கடி கழிகிறது. வீட்டார் "உடம்புச் சூடு" என்று முடிவு செய்து, நீர்க்கஞ்சியும் மோருமாகப் பத்தியம் வைத்து, சாரல் காலத்தில் குற்றாலத்து அருவியில் நீராட்டி வருகிறார்கள். அருவியில் நிற்குமளவும் அவளுக்கு இதமாகவே இருக்கும். அதனாலேயே எல்லாரும் ஏமாறுகிறார்கள்.

இது வெறுஞ் சூடன்று. கழுத்தின் முன்புறமுள்ள தைராய்டு என்னும் சுரப்பி அளவுக்கு மிஞ்சிச் சுரப்பதால் வரும் வியாதி. இதன் முக்கியமான வகை ஒன்றை டப்ளின் நகரத்து வைத்தியர் கிரேவ்ஸ் 1835-ல் விவரித்தார். வரவைவிடச் செலவு மிகுந்த குடும்பம் கையிருப்பைக் கரைப்பதுபோல, உடலானது உண்ட உணவு போதாமல் தன் கொழுப்பையும் தசையையும் எலும்பின் சுண்ணாம்புச் சத்தையும் எடுத்துச் செலவிடுகிறது. இந்நிலையில் பத்தியம் என்று வரவையும் குறைப்பது எவ்வளவு பெரிய பிழை!

ஆகையால் மூன்று வேளைக்குப் பதில் ஐந்தாறு வேளை சிறுகச் சிறுக உண்பது நலம். நம் சீமையின் உளுந்தங்களி, கருப்பட்டியும் நல்லெண்ணெயும் சேர்ந்து, இதற்கென்றே செய்தது போன்ற பண்டம். பருப்பு, முட்டை, மீன் முதலியன தசையை மீட்கும். எலும்புக்குக் கேழ்வரகு: நூறு கிராமில் சுமார் 350 மில்லிகிராம் சுண்ணாம்புச் சத்து உண்டு, தீட்டிய அரிசியில் பத்து மில்லிகிராம் கூடத் தேறுவது அரிது. முருங்கைக்கீரையும் எள்ளும் நன்றே. வீட்டுப் பசு கறக்கும் பாலைக் கடைசித் துளிவரை சங்கத்தில் ஊற்றிவிட்டு, நோயாளிக்குக் கடுந்தேநீர் கொடுக்கும் இல்லங்கள் உண்டு. சங்கம் ஓரிரு ஆழாக்குக் குறைவால் நொடிந்துவிடாது. பால் ஒவ்வாதவர்க்குத் தயிர் கொடுக்கலாம். தேநீரும் காப்பியும் படபடப்பையும் நடுக்கத்தையும் கூட்டும். பசியை அடக்க அவற்றைக் குடித்துக்கொண்டே பீடி சுற்றும் வழக்கத்தை விடவேண்டும். குற்றாலத்து மங்குஸ்தானும் ரம்புட்டானும் தின்னத் தக்க கனிகளே, மருந்தல்ல. கடன்பட்டு வாங்க வேண்டியதில்லை.

இனி, கழலை என்றதும் அயோடின் குறைவென்று கருதுவோர் பலர். காங்கிராப் பள்ளத்தாக்கில் 1956-ல் தொடங்கிய ஆராய்ச்சி அயோடின் உப்பின் பயனை நிறுவிற்று. 1962-ல் தேசியக் கழலைக் கட்டுப்பாட்டுத் திட்டமும் ஏற்பட்டது. அது பற்றாக்குறையால் வருங் கழலை, இது வேறு. இங்கே கடற்பாசிப் பொடியும் அயோடின் மருந்தும் நெருப்பில் நெய் வார்ப்பதாக முடியலாம். கடையில் விற்கும் அயோடின் உப்பைச் சமையலில் அளவாய் இடுவதற்குத் தடையில்லை. கதிரியக்க அயோடின் சிகிச்சைக்கு நாள் குறித்திருந்தால் மட்டும் வைத்தியர் கூறும் விதியை அனுசரிக்க வேண்டும். முட்டைக்கோசும் மரச்சீனிக்கிழங்கும் சுரப்பியை அடக்கும் என்று சிலர் கூறுவதை நம்பி மாத்திரையை நிறுத்தலாகாது.

ஏனெனில், ஆகாரம் இழந்ததை ஈடுசெய்யுமேயன்றிச் சுரப்பியை அடக்காது. அதற்கு இரத்தப் பரிசோதனையும், பெரும்பாலும் கார்பிமசோல் மாத்திரையும் வேண்டும். ஓராண்டுக்கு மேலும் உட்கொள்ள நேரிடலாம். கர்ப்பிணியாயினும் கருத்தரிக்க எண்ணினும் முன்னதாகவே வைத்தியரிடம் சொல்லவேண்டும். கை நடுக்கம் நின்று எண்ணிக்கை கூடியதும் மாத்திரையை விட்டுவிடுவோரே மறுபடி நோய்ப்படுவர். சுரப்பு சமநிலைக்கு வந்தபின் பசி குறையும். அப்போது கூடுதலாக உண்ட களியையும் குறைக்காவிடில் உடல் பருக்கும். மாத்திரை உண்ணும் காலத்தில் காய்ச்சலும் தொண்டைப் புண்ணும் கண்டால், அது மழைக்காலத்துச் சளி என்று கஷாயம் வைத்துக் காத்திராமல், மாத்திரையை நிறுத்தி அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குச் சென்று வெள்ளணுக்களைப் பரிசோதிக்கச் செய்ய வேண்டும்.