சாலவனத்தில் ஒரு மிதிவண்டிப் பயணம்
(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

 

நாடகமும் பாட்டும் காத்திருக்கும் மாலையில் நெடிய பேச்சு எவருக்கும் உகந்ததன்று என்பதை அறிவேன். ஆகவே ஒரே ஒரு பயணத்தைப் பற்றிச் சொல்லி அமர்கிறேன். அது தொலைதூர யாத்திரையும் அன்று. நம் கரக்பூரிலிருந்து காலை வண்டியில் சென்று இரவு வண்டியில் வீடு திரும்பக்கூடிய பயணமே.

ரயில்வே குமாஸ்தாவாகிய நான் இருபது ஆண்டுகளுக்கு மேலாக மேதினிப்பூர், சால்போனி, சந்திரகோணா ரோடு, கட்பேட்டா, பியார்டோபா, விஷ்ணுபூர் என்னும் பெயர்களை ஏடுகளில் எழுதி வருகிறேன். உறக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் வரிசை தவறாது. ஆயினும் ஒரு நிலையத்துக்கும் அடுத்த நிலையத்துக்கும் இடையே என்ன இருக்கிறது என்பதை நான் அறிந்தேனில்லை. சன்னலுக்கு வெளியே ஓடி மறையும் பச்சை நிறம் ஒன்றையே கண்டிருந்தேன்.

மூன்று ஆண்டுகளுக்கு முன் என் மகன் பள்ளியிலிருந்து ஒரு படிவம் கொண்டுவந்தான். சொந்த ஊர் என்னுமிடத்தில் என்ன எழுதுவது என்று கேட்டான். தஞ்சை மாவட்டத்திலுள்ள எங்கள் சிற்றூரின் பெயரைச் சொன்னேன். எழுதிவிட்டு, "அப்பா, அந்த ஊரில் நான் சேர்ந்தாற்போல் ஒரு மாதம்கூட இருந்ததில்லையே. அப்படியென்றால் இந்த ஊர் நமக்கு என்ன?" என்றான். எனக்கு விடை தோன்றவில்லை. அந்த வாரமே அவனையும் அழைத்துக்கொண்டு புறப்பட்டேன்.

மார்ச்சு மாதத்து ஞாயிற்றுக்கிழமை. இரண்டு மிதிவண்டிகளுக்கும் லக்கேஜ் சீட்டு வாங்கி, பெயரும் ஊரும் எழுதிய அட்டை கட்டி, பிரேக் வேனில் ஏற்றினோம். விஷ்ணுபூரில் இறங்கினோம். அவ்வூர் மல்ல மன்னர்களின் தலைநகரம். அப்பகுதியில் கோயில் கட்டத்தக்க நல்ல கருங்கல் கிடைப்பது அரிது. ஆகையால் அவர்கள் செங்கல்லாலும் செம்புரைக்கல்லாலும் கோயில் எடுத்தனர். வீர ஹம்பீரர் 1600 அளவில் எழுப்பிய ராசமஞ்சமும், 1643இல் ரகுநாத சிங்கர் கட்டிய சியாமராயர் கோயிலும், 1694இல் துர்ஜன சிங்கர் கட்டிய மதனமோகனர் கோயிலும் இன்றும் நிற்கின்றன. சுட்ட மண் பலகைகளில் இராமாயணமும் கண்ணன் லீலையும் உயிரோடு விளங்குகின்றன. ஊரைச் சுற்றி அம்மன்னர்கள் வெட்டிய ஏரிகளை 'பாந்த்' என்கிறார்கள். கோயிலும் ஏரியும் சேர்ந்திருக்கும் ஊரைக் கண்டதும் சோழநாட்டில் பிறந்த என் மனம் வேற்றூர் என்று எண்ண மறுத்துவிட்டது.

பிறகு கிழக்கே ஜெயபூர்க் காட்டை நோக்கி மிதித்தோம். பதினைந்து கிலோமீட்டர் அளவு தூரம். தார்ச்சாலையில் லாரிகள் ஓடுகின்றன. ஆனால் அதை விட்டு விலகிச் செல்லும் செம்மண் தடம் ஒன்றில் நூறு கஜம் போனதும் அந்த இரைச்சல் கதவடைத்தாற்போல் நின்றுவிட்டது. இருபுறமும் சால மரங்கள். நாம் குங்கிலியம் என்று தூபமிடும் வகைப் பிசின் இம்மரத்திலிருந்தும் எடுக்கப்படுகிறது. உதிர்ந்த சருகுகள் தடத்தை மூடியிருந்தன. சக்கரம் அவற்றின்மேல் ஏறும் ஓசையும் எங்கோ ஒரு மரங்கொத்தி தட்டும் ஓசையுமே கேட்டன. ஓரிடத்தில் மஹுவா மலர்கள் கீழே சிதறிக் கிடந்தன. மகன் ஒன்றை எடுத்து முகர்ந்தான். "இது நம் இலுப்பைக்கு உடன்பிறப்பு" என்றேன். இலுப்பையை அவன் கண்டதில்லை. மஹுவாவைக் கண்டுதான் இலுப்பையை அறிந்துகொண்டான்.

அன்பர்களே, ரயிலில் செல்பவன் நாட்டைக் கடக்கிறான். நடப்பவனோ ஒரு நாளில் சிறிதளவே காண்கிறான். மிதிவண்டியில் செல்பவனுக்கு மட்டுமே, வழியில் வருவோரின் முகத்தைக் காணுமளவு மெதுவும், அடுத்த ஊரை அடையுமளவு விரைவும் ஒருங்கே வாய்க்கின்றன. அவனுக்கும் காட்டுக்கும் இடையே கண்ணாடியும் இல்லை, இயந்திர ஓசையும் இல்லை.

அந்த மகிழ்ச்சியில் இன்னும் உள்ளே போக எண்ணினேன். அப்போது தலையில் சால இலைக் கட்டோடு எதிரே வந்த மூதாட்டி ஒருவர் கையை நீட்டி எங்களைத் தடுத்தார். அவர் சொன்னவற்றுள் முதலில் புரிந்தது 'ஹாதி' என்னும் ஒரு சொல்லே. காலையில் அப்பக்கம் ஒற்றை யானை வந்திருக்கிறது. மஹுவா உதிரும் இடத்தை அது தேடி வரும். ஓசையின்றிப் போகும் மிதிவண்டி அதன் அருகே சென்ற பின்னரே இருவருக்கும் தெரியும் என்று விளக்கினார். 1980களின் பிற்பகுதியிலிருந்து தல்மா மலைப்பகுதி யானைகள் ஆண்டுதோறும் இம்மாவட்டங்களுக்கு வருவதையும், பயிரும் உயிரும் சேதமாவதையும் செய்தித்தாளில் படித்தவன்தான் நான். படித்தது நினைவுக்கு வரவில்லை. அந்தத் தாயின் சொல்லே எங்களைக் காத்தது. தார்ச்சாலை வரை அவரே உடன் வந்தார். பணம் கொடுக்க முயன்றேன், வாங்கவில்லை. "உங்கள் ஊர் எது?" என்று மட்டும் கேட்டார். நான் வாய் திறக்குமுன் மகன், "கரக்பூர்" என்றான்.

நான் நாடிய அமைதி எவரும் இல்லாத அமைதி அன்று என்பது அன்றுதான் விளங்கிற்று. அது பலர் வாழ்ந்து, காத்து, நமக்கும் இடம்விட்ட அமைதி. இதே காட்டுப்பகுதியில்தான் பியார்டோபாவில் 1944இல் அமெரிக்கக் குண்டுவீச்சு விமானங்களின் தளம் இருந்தது. நம் கரக்பூரும் அத்தகைய தளங்களுள் ஒன்று. அன்று இவ்வானம் அதிர்ந்திருக்கும்.

காடும் தானாக நிலைத்ததன்று. நம் ரயில் பாதைக்கு அண்மையில், மேதினிப்பூருக்கும் சந்திரகோணா ரோடுக்கும் இடையில் உள்ளது ஆராபாரி. ஓயாமல் வெட்டப்பட்டு அங்கே சால வனம் புதராகிக் கிடந்தது. 1972இல் அஜித் குமார் பானர்ஜி என்னும் வன அதிகாரி 11 கிராமத்து மக்களை அழைத்து, 1,272 ஹெக்டேர் நிலத்தை அவர்கள் காவலில் விட்டார். வேலையும், விறகும் இலையும் எடுக்கும் உரிமையும், மரம் விற்ற நிகர வருவாயில் நான்கில் ஒரு பங்கும் அவர்களுக்கு என்பது ஏற்பாடு. சால மரத்துக்கு ஓர் இயல்பு உண்டு. வெட்டுண்ட அடிக்கட்டையிலிருந்து அது மீண்டும் துளிர்க்கும். துளிரை ஆடுமாடும் கோடரியும் தொடாமல் காத்தால் போதும். மக்கள் காத்தனர், வனம் எழுந்தது. 1990இல் இந்திய அரசு கூட்டு வனப் பாதுகாப்பை நாடெங்கும் பரப்பச் சுற்றறிக்கை விடுத்ததற்கு இவ்வனம் ஒரு முன்மாதிரி. இதைப் படித்தறிந்தபோது வியந்தேன். இருபது ஆண்டுகளாக இதனருகே போய்வந்தும் அறியாமல் இருந்ததற்கு நாணினேன்.

ஆகவே இச்சபையின் முன் ஒரு வேண்டுகோள் வைக்கிறேன். குளிர்காலத்தில் ஆண்டுக்கு ஒரு நாளாவது நம் காலனிப் பிள்ளைகளைப் பெரியவர் துணையோடு இவ்வாறு அழைத்துச் செல்லச் சங்கம் முன்வர வேண்டும். விடிவதற்கு முன்னும் பொழுது சாய்ந்த பின்னும் காட்டில் இருத்தல் ஆகாது. ஊராரிடமும் வனக் காவலரிடமும் கேளாமல் எத்தடத்திலும் நுழைதல் ஆகாது. கொண்டுபோன காகிதத்தையும் புட்டியையும் திரும்பக் கொண்டுவர வேண்டும். வங்கமொழியில் நான்கு வார்த்தை பேசக் கற்றுக்கொண்டு செல்ல வேண்டும்.

தமிழை மறவாதிருக்கவே இச்சங்கத்தை நம் முன்னோர் நிறுவினர். அதில் குறை வையோம். அதனோடு, நமக்குச் சோறிட்டு, நம் பிள்ளைகளைப் பெற்று வளர்க்க இடந்தந்த இந்த மண்ணையும் அறிந்துகொள்வோம். என் மகனின் படிவத்தில் தஞ்சை மாவட்டத்துச் சிற்றூரின் பெயரே இருக்கிறது. அதை மாற்றச் சொல்லேன். காட்டில் அவன் சொன்ன விடையையும் மறுக்கமாட்டேன்.