மூளைக் குறைவா, முறைக் குறைவா?

சிலர் மூளையில் படிப்பு ஏறவே ஏறாது என்று இந்த மயிலாப்பூரிலும் மற்ற ஊர்களிலும் வெகுகாலம் சொல்லி வந்தார்கள். அது மெய்தானா என்று சோதிக்க வேண்டாமா?

2015-ல் டில்லியில் பொருளாதார ஆராய்ச்சிக்காரர்கள் சோதித்தார்கள். 619 பிள்ளைகளில் சீட்டுப் போட்டுச் சுமார் பாதிப் பேரைத் தனி வகுப்பில் சேர்த்தார்கள். அங்கே கம்ப்யூட்டர் ஒவ்வொரு பிள்ளையையும் கேள்வி கேட்டு, தடுமாறும் இடத்தை அறிந்து, அங்கிருந்தே பாடம் சொல்லிற்று. துணைக்கு உதவி ஆசிரியரும் உண்டு. நாலரை மாதத்தில் கணக்கில் இவர்கள் முன்னேற்றம் மற்றவர்களைவிட இரண்டு பங்குக்கு மேல். பள்ளிக்கூடப் பாடத்தோடு நின்றவர்களில் கடைசி மூன்றிலொரு பங்கினரோ ஏறக்குறைய ஒன்றுமே முன்னேறவில்லை!

காரணமென்ன? ஆறாவது படிக்கும் பிள்ளை கணக்கில் சராசரி இரண்டரை வகுப்புப் பின்தங்கியிருக்க, வாத்தியார் ஆறாவது புஸ்தகத்தையே நடத்துகிறார். கீழ்ப்படிகளைப் பிடுங்கிவிட்டு, ஏறாதவனை நொண்டி என்பதா?

நமதூர் அடையாற்றுப் பக்கத்துச் சென்னை ஐ.ஐ.டி. 2020-ல் துவக்கிய இணையவழிப் பட்டப் படிப்பில், நான்கு வாரம் பாடம் நடத்திய பிறகே தகுதிப் பரீட்சை வைக்கிறார்கள். முதலில் கற்றுக்கொடு, பிறகு சோதி என்பதல்லவா நியாயம்?

ஆகவே தோழர்களே, கம்ப்யூட்டரை வாங்கிவைத்து ஆயுத பூஜையன்று பொட்டு வைத்தால் படிப்பு வந்துவிடாது. பள்ளிக்கூடம் சென்று, “எங்கள் பெண்ணும் பையனும் எந்தப் படியில் நிற்கிறார்கள்? அங்கிருந்து சொல்லிக் கொடுக்கிறீர்களா?” என்று கேளுங்கள். கேட்பது நமது உரிமை.