உப்புக் காற்றும் வீட்டுக் கணினியும்

பிச்சாவரத்துக்குப் படகில் சென்றவர்கள் அலையாத்தி மரத்தின் இலையைத் தடவிப் பார்த்திருக்கலாம். அதன்மேல் உப்புப் படிந்திருக்கும். உடலில் சேர்ந்த உப்பை இலையிலுள்ள சுரப்பிகளின் வழியே வெளியேற்றி அம்மரம் உயிர் வாழ்கிறது. தமிழக அரசு 2011-ஆம் ஆண்டில் விலையில்லா மடிக்கணினி வழங்கத் தொடங்கிய பிறகு, அக்காட்டை அடுத்த கிள்ளை, பரங்கிப்பேட்டைப் பகுதிகளின் எளிய வீடுகளுக்கும் கணினி வந்துசேர்ந்தது. ஆனால் உப்பை உமிழும் வித்தை கணினிக்குத் தெரியாது.

கடற்காற்று உப்புத் துகள்களைச் சுமந்து வருகிறது. கணினியின் காற்றாடி அவற்றைத் தூசியோடு சேர்த்து உள்ளே இழுத்துக்கொள்கிறது. உலர்ந்திருக்கும் வரையில் அந்த உப்பால் பெருந்தீங்கில்லை. காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 75 விழுக்காட்டைத் தாண்டியதும் உப்பு தானாகவே நீர்த்துவிடுகிறது. ஐப்பசி அடைமழையில் உங்கள் வீட்டு உப்பு ஜாடியில் காண்பது இதுவே. அந்த உப்புநீர் மின்சாரத்தைக் கடத்தும். செம்பைப் பச்சையாக அரிக்கும்.

ஆகவே, விலையுயர்ந்த பொருளென்று பிளாஸ்டிக் உறையிட்டு மாதக்கணக்கில் பீரோவில் பூட்டி வைப்பது பாதுகாப்பு அன்று. உறைக்குள் ஈரம் சிறைப்படும். நாள்தோறும் ஒரு மணி நேரமாவது இயக்குங்கள். இயங்கும் கணினியின் உள்ளே சூடு பிறக்கிறது. சூடேறிய காற்றின் ஈரப்பத விகிதம் தாழ்கிறது. கடலோரத்தில் பயன்படுத்துவதே பராமரிப்பு என்பது என் துணிபு. காற்று நுழையும் துளைகளை மாதம் ஒருமுறை உலர்ந்த மென்தூரிகையால் துடைத்தால் போதும், ஈரத்துணி கூடாது.

கணினி இயங்க மறுத்தால் உடனே கடைக்கு ஓடவேண்டாம். முதலில் அதே பிளக்கில் வேறொரு விளக்கை எரியவிட்டுப் பாருங்கள். பிறகு சார்ஜரின் விளக்கையும் கம்பியையும் கவனியுங்கள். மடிக்கணினியானால் சார்ஜரைப் பிடுங்கி, கழற்றக்கூடிய பேட்டரியாயின் அதையும் எடுத்துவிட்டு, மின்விசையை அரை நிமிடம் அழுத்திப் பிடித்தபின் மீண்டும் இணைத்துப் பாருங்கள். மேசைக் கணினியில் திரை இருண்டு 'பீப்' ஒலி மட்டும் கேட்டால், ராம் பலகையின் விளிம்பு மங்கியிருக்கக்கூடும். பிளக்கை எடுத்துவிட்டு, பெட்டியின் உலோகப் பகுதியை ஒருமுறை தொட்டபின் பலகையைக் கழற்றுங்கள். அதன் பொன்னிற விளிம்பைப் பென்சில் அழிக்கும் ரப்பரால் மெல்லத் தேய்த்து, துகளை அகற்றிப் பொருத்துங்கள். பல நேரங்களில் இந்த நாலணா வைத்தியமே பலித்துவிடும்! ஒரு சமயத்தில் ஒன்றை மட்டுமே மாற்றுங்கள். இரண்டை மாற்றினால் எது குணப்படுத்தியது என்பது விளங்காது.

இன்னொரு கோளாறு வேடிக்கையானது. இணைப்பு இருந்தும் இணையப் பக்கங்கள் திறக்கமாட்டா. மூலையிலுள்ள தேதியைப் பார்த்தால் பல ஆண்டு பின்தங்கி நிற்கும். ஒவ்வொரு தளத்தின் பாதுகாப்புச் சான்றுக்கும் காலவரம்பு உண்டு. தேதி தவறானால் கணினி அச்சான்றை நம்ப மறுக்கிறது. உள்ளே கடிகாரத்தை ஓட்டும் 3 வோல்ட் நாணயப் பேட்டரியை மாற்றித் தேதியைத் திருத்தினால் தீர்ந்தது.

புயற்காலத்துக்கு வருவோம். 2011 டிசம்பர் 30-ஆம் நாள் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே 'தானே' புயல் கரையைக் கடந்தபோது, பல சிற்றூர்கள் நாட்கணக்கில் இருண்டு கிடந்தன. மின்சாரம் போனதும் பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள். அது திரும்பிவரும் கணத்தில் மின்னழுத்தம் ஏறியிறங்கும். வெள்ளநீர் புகுந்த கணினியை, உயிரிருக்கிறதா என்று பார்ப்பதற்காகக்கூட இயக்காதீர்கள். கடல்நீரானால் வெயிலில் உலர்த்துவதும் பயனற்றது. நீர் போய்விடும், உப்பு தங்கிவிடும். பேட்டரியை அகற்றி, பழுது பார்ப்பவரிடம் விரைந்து கொடுங்கள். காய்ச்சி வடித்த நீரால் சுற்றுப்பலகையை அலசி உலர்த்தினால் சில வேளை பிழைக்கும்.

பொறி போனால் வேறு வாங்கலாம். மதிப்பெண் சான்றின் நகலும், பாதி எழுதிய ஆய்வேடும், மறைந்த பாட்டியின் படமும் கடையில் கிடைக்குமா? அவற்றை ஒரு பென்டிரைவில் பிரதி எடுத்து, கடலுக்கு எட்டிய ஊரில் உள்ள உறவினர் வீட்டில் வைத்துவிடுங்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை அதை வாங்கிவந்து, கோப்புகள் ஒவ்வொன்றும் திறக்கின்றனவா என்று சரிபாருங்கள்.