கோடியக்கரைக்குப் போகுமுன்

(மாதாந்திரக் கூட்டத்தில் அறக்கட்டளைச் செயலாளர் பேசியது)



வரும் ஜனவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை குடும்பங்களோடு கோடியக்கரை சரணாலயம் போய் வரலாம் என்று நிர்வாகக் குழுவில் முடிவாகியிருக்கிறது. செய்தி வெளியே போனதுமே, வேன் எத்தனை, பிரியாணி உண்டா என்று கேட்டார்கள். அது இருக்கட்டும். போன தடவை நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன்.

போன தடவை பங்குனி வெயிலில் போனோம். அதிலும் காட்டுக்குள் கால் வைக்கும்போதே மணி பத்தாகிவிட்டது. இளைஞர்கள் முன்னால் போய்விட்டார்கள். தண்ணீர்ப் பாட்டில்கள் எல்லாம் அவர்கள் பையில். பின்னால் வந்த ஒரு மாமிக்குத் தலை சுற்றி, ஒரு மரத்தடியில் உட்கார்ந்துவிட்டார்கள். கூட இருந்தது ஏழு வயதுப் பேரன் மட்டும். அவன் தன் தொப்பியால் விசிறிக்கொண்டே இருந்திருக்கிறான். நாங்கள் தேடி வர அரை மணி நேரம் ஆனது. அல்ஹம்துலில்லாஹ், பெரிதாக ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அந்த மாமி, "நான் வந்து எல்லாருக்கும் கெடுத்துட்டேன்" என்று சொன்னார்கள். கெடுத்தது அவர்கள் இல்லை. ஏற்பாடு செய்த நான்தான். அதற்குப் பிறகு எந்தப் பயணத்துக்கும் வயதான பெண்கள் பெயர் கொடுப்பதில்லை.

ஆகையால் இந்தத் தடவை மெதுவாக நடப்பவர் முன்னால், மற்றவர்கள் அவருக்குப் பின்னால். கடைசியில் பெரியவர்கள் இருவர் வருவார்கள், அவர்களைத் தாண்டி யாரும் பின்தங்கக் கூடாது. எங்கே நின்றாலும் சரி, 45 நிமிடம் ஆனதும் திரும்பிவிடுவோம். களைத்த கால் திரும்பி வர அதிக நேரம் எடுக்கும். எதையோ பார்க்காமல் திரும்பினோம் என்று வருத்தப்படுகிறவர்கள் இன்னொரு நாள் வரலாம்.

ஸுப்ஹு தொழுதுவிட்டு வேன் கிளம்பும். ளுஹர் வக்துக்குள் ஊர் திரும்பிவிடலாம், இன்ஷா அல்லாஹ். நடக்க எந்தப் பகுதியில் அனுமதி என்று வனத்துறை அலுவலகத்தில் கேட்டுவர இரண்டு பேர் முன்கூட்டியே போவார்கள்.

தண்ணீர் அவரவர் தோளில், ஆளுக்கு ஒன்றரை லிட்டர். சர்க்கரை வியாதி உள்ளவர்கள் நாலு பேரீச்சம்பழம் சட்டைப்பையில் வைத்திருங்கள். அன்றைய மாத்திரையைப் பற்றி டாக்டரிடம் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். மழை பெய்திருந்தால் சேறு இருக்கும், முள்ளும் உண்டு. செருப்பு வேண்டாம், மூடிய காலணி போடுங்கள்.

பிள்ளைகள் எதைப் பார்ப்பார்கள்? வெளிமானை. அதைக் காக்கத்தான் 1967-இல் இதைச் சரணாலயமாக அறிவித்தார்கள். கிடாவின் முதுகு கறுப்பு, கொம்பு முறுக்கு முறுக்காக இருக்கும். பெண் மானுக்குப் பழுப்பு நிறம், கொம்பு கிடையாது. புல்வெளிப் பக்கம் பொறுமையாக நின்றால் கூட்டமாகப் பார்க்கலாம். கத்தினால், துரத்தினால் பாய்ந்துவிடும். காட்டுத்தனமாகத் திரியும் மட்டக்குதிரைகளும் உண்டு, கிட்டே போய்ப் படம் எடுக்க வேண்டாம். பூநாரை உப்புச் சதுப்புப் பக்கம்தான் இருக்கும், காட்டுப் பாதையில் தேடாதீர்கள். வடகிழக்குப் பருவத்தில் வெளிநாட்டுப் பறவைகள் இங்கே வருவதால்தான் ஜனவரியைத் தேர்ந்தெடுத்தோம். இந்த ஈரநிலம் 2002-இல் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. சேற்றில் இறங்கிப் பார்க்கலாம் என்ற எண்ணம் யாருக்கும் வேண்டாம்.

சாப்பாட்டை வேனில் வைத்துவிடுவோம். காட்டில் குரங்கு உண்டு, பையைப் பறித்துவிடும். பாவம் என்று முறுக்கை நீட்டுகிறவர்கள்தான் அதற்கு அந்தப் பழக்கத்தைக் கொடுக்கிறார்கள். உள்ளே கொண்டுபோகும் பாட்டிலை எண்ணித் தருவோம், வெளியே வரும்போது எண்ணி வாங்குவோம். போன தடவை நம் ஆட்களே போட்ட மூன்று தட்டுகளை நான் பொறுக்கினேன். யார் போட்டது என்று எனக்குத் தெரியும், சொல்லப் போவதில்லை.

பெயர் கொடுக்கும்போது வீட்டில் யார் மெதுவாக நடப்பார்கள் என்பதையும் எழுதிக் கொடுங்கள், வரிசை அதைப் பார்த்துத்தான். அந்த மாமி வீட்டுக்கு நானே போய்க் கேட்டேன். "பார்ப்போம் தம்பி" என்றார்கள். இன்னும் பெயர் தரவில்லை. வேனில் முன் சீட் ஒன்றைக் காலியாக வைக்கச் சொல்லியிருக்கிறேன்.