ஆமை இரத்தம் எனக்குச் சொல்லிக் கொடுத்தது

(முன்னாள் மாணவர் சங்கக் கூடுகையின்போது விலங்கியல் துறை அரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

கதவுக்குப் பக்கத்தில் பின் வரிசையில் மாணவச் செல்வங்கள் இடம் பிடித்திருக்கிறார்கள். அந்தப் பின் வரிசையின் அருமை எனக்குத் தெரியும். 1990 முதல் 1993 வரை என்னுடைய இடமும் அதுதான்.

செயலாளர் தொலைபேசியில் அழைத்து, "மாணவர்களுக்குப் பயன்படுற மாதிரி ஏதாவது பேசுங்க சார்" என்றார். "நன்னீர் ஆமைகளிடமிருந்து இரத்தம் எடுத்துப் பரிசோதிப்பது பற்றிப் பேசட்டுமா?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பதில் இல்லை. பிறகு, "சாப்பாட்டுக்கு முன்னாடியா, பின்னாடியா?" என்றார். முன்னாடியே வைத்துவிட்டார்கள். ஆகவே சுருக்கமாகப் பேசுவேன். பயப்பட வேண்டாம்.

ஆமைக்கு எதற்கு இரத்தப் பரிசோதனை என்று நீங்கள் கேட்கலாம். இரண்டு உதாரணங்கள் சொல்கிறேன்.

வட அமெரிக்காவில் 'பெயின்டட் டர்ட்டில்' என்றொரு குளத்து ஆமை உண்டு. குளிர்காலத்தில் குளம் மேலே உறைந்துவிடும். அந்த ஆமை மூச்சு விடாமல் அடியிலேயே மாதக்கணக்கில் கிடக்கும். பிராணவாயு இல்லாமல் உயிர் ஓடினால் உடம்பில் லாக்டிக் அமிலம் சேரும். நாம் ஓய்வாக இருக்கும்போது நம் இரத்தத்தில் லாக்டேட் 1 அல்லது 2 மில்லிமோல் அளவில்தான் இருக்கிறது. அந்த ஆமையின் இரத்தத்திலோ அது 100 மில்லிமோலையும் தாண்டிப் போகிறது. நாமாக இருந்தால் என்றோ போய்ச் சேர்ந்திருப்போம். ஆமை எப்படிப் பிழைக்கிறது? பிரவுன் பல்கலைக்கழகத்தின் டொனால்டு ஜாக்சன் என்ற அறிஞரும் அவரோடு உழைத்தவர்களும் கண்டது இது: ஓடு தன்னிடமுள்ள கால்சியம், மக்னீசியம் கார்பனேட்டுகளை இரத்தத்தில் விட்டு அமிலத்தை அடக்குகிறது. கொஞ்சம் அமிலத்தைத் தானும் உள்ளே வாங்கிக்கொள்கிறது. ஓடு வெறும் கவசம் என்றுதான் நாம் படித்தோம். அது மருந்துப் பெட்டியும் கூட என்று காட்டிக்கொடுத்தது சில துளி இரத்தம்.

இரண்டாவது, ஆஸ்திரேலியாவில் நடந்தது. நியூ சவுத் வேல்ஸில் பெல்லிங்கர் என்று ஒரு ஆறு. அந்த ஆற்றில் மட்டுமே வாழும் ஓர் ஆமை இனம் உண்டு. 2015 பிப்ரவரியில் கண் வீங்கி, நடக்க முடியாமல், அவை கூட்டம் கூட்டமாகச் செத்தன. சில வாரங்களில் வளர்ந்த ஆமைகளில் பெரும்பகுதி போய்விட்டது. அதுவரை யாரும் அறியாத ஒரு வைரஸ் பின்னர் கண்டுபிடிக்கப்பட்டது. நோய் எட்டாத மேல்பகுதியிலிருந்து சில ஆமைகளைப் பிடித்து, சிட்னியின் டாரோங்கா மிருகக்காட்சி சாலையில் வளர்த்துக் குஞ்சு பொரிக்க வைத்தார்கள். இப்படி ஓர் ஆபத்து வரும்போது நோயுற்ற ஆமையின் இரத்த அளவை எதனோடு ஒப்பிடுவது? நலமாக இருந்த நாளில் யாரோ பொறுமையாக எடுத்து எழுதி வைத்த அளவோடுதான். அந்த எழுத்து தப்பாக இருந்தால் ஒப்பீடும் தப்பாகிவிடும். இன்று நான் பேச வந்த விஷயமே அதுதான்.

சரி, இரத்தம் எடுப்பது எப்படி? முதலில் அனுமதி. நம் குளங்களில் உள்ள ஆமைகள் 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருபவை. வனத்துறையின் எழுத்து மூலமான அனுமதியும், நிறுவனத்தின் விலங்கு நெறிமுறைக் குழுவின் ஒப்புதலும் இல்லாமல் ஊசியைத் தொடக்கூடாது. "ஒரே ஒரு ஆமைதானே சார்" என்ற பேச்சுக்கே இடமில்லை.

அடுத்து எடை. ஆமையின் எடையில் சுமார் 5 முதல் 8 சதவீதம் இரத்தம். அதில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் எடுக்கக்கூடாது. 100 கிராம் எடைக்கு அரை மில்லி என்று வைத்துக்கொண்டால் கணக்கு சரியாக இருக்கும். 600 கிராம் ஆமையிடம் 3 மில்லி வரை எடுக்கலாம் என்று ஆகிறது. ஆனால் பெரும்பாலான சோதனைகளுக்கு அரை மில்லியே போதும். 'எடுக்கலாம்' என்பதற்காக எடுப்பதல்ல, 'வேண்டும்' என்பதற்காக எடுப்பது.

எங்கே குத்துவது? கழுத்தின் பக்கவாட்டில் உள்ள ஜுகுலர் சிரை நல்ல இடம். ஆனால் ஆமை கழுத்தைக் கொடுக்க வேண்டுமே! ஒருவர் பிடித்துக்கொள்ள, ஒருவர் எடுக்க வேண்டும். வாலின் மேற்புறத்தில் உள்ள சிரையில் எடுப்பது சுலபம். சுலபமான அந்த இடத்தில்தான் சிக்கல் இருக்கிறது. அதைப் பிறகு சொல்கிறேன்.

எடுத்தவுடன் முதல் துளியைக் கண்ணாடிச் சில்லில் இழுத்துக் காயவைக்க வேண்டும். மீதியை ஹெப்பாரின் உள்ள குழாயில் விட வேண்டும். மனித இரத்தத்துக்கு வழக்கமாகப் பயன்படும் ஈ.டி.டி.ஏ. குழாய் வேண்டாம். பல ஆமை இனங்களின் சிவப்பணுக்கள் அதில் உடைந்து போகும். குழாயை ஐஸ் பெட்டியில், ஐஸ் நேராகப் படாமல் வைத்து, அன்றைக்கே பரிசோதனையை முடிக்க வேண்டும்.

நுண்ணோக்கியில் பார்த்தால் முதல் ஆச்சரியம் காத்திருக்கும். நம் சிவப்பணு வட்டமாக, உட்கருவே இல்லாமல், சுமார் 7 மைக்ரான் இருக்கும். ஆமையின் சிவப்பணு முட்டை வடிவம். நீளம் ஏறக்குறைய 20 மைக்ரான். நடுவில் பளிச்சென்று ஓர் உட்கரு. இந்த உட்கருவால் எனக்கு ஒரு அவமானம் நேர்ந்தது. எம்.பில். படித்தபோது, கையால் எண்ணச் சோம்பல்பட்டு, முதல் மாதிரியை ஊரில் இருந்த ஓர் இரத்தப் பரிசோதனை நிலையத்தில் கொடுத்தேன். ஆமை என்று சொல்லவில்லை. மாலையில் போனால் அங்கிருந்தவர் என்னைத் தனியே அழைத்து, "சார், பேஷண்ட் உங்களுக்கு என்ன வேணும்? வெள்ளை அணு கன்னாபின்னான்னு இருக்கு. உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க" என்றார். அந்த இயந்திரம் சிவப்பணுக்களை உடைத்துவிட்டு, மிஞ்சும் உட்கருக்களை எண்ணுவது. மனிதனிடம் மிஞ்சுவது வெள்ளையணு மட்டும். ஆமையிடம் எல்லாமே மிஞ்சும்! ஆகவே ஆமைக்குக் கையால்தான் எண்ண வேண்டும். கோழி இரத்தத்துக்காக நாட், ஹெரிக் என்ற இருவர் 1952-இல் வெளியிட்ட கரைசலே ஆமைக்கும் கை கொடுக்கிறது.

அது சிரித்துவிட்டுப் போகக்கூடிய தவறு. சிரிக்க முடியாத தவறு ஒன்றும் செய்தேன்.

1995-இல் என் எம்.பில். ஆய்வுக்கு ஒரு கிராமத்துக் குளத்தின் காராமைகளை எடுத்துக்கொண்டேன். அந்தக் குளத்தில் சாக்கடை கலக்கிறது என்று ஊராருக்கு நெடுநாள் மனக்குறை. மனு மேல் மனு கொடுத்து அலுத்துப்போயிருந்தார்கள். "படிச்ச பிள்ளைங்க வந்திருக்கீங்க, நீங்களாவது எழுதுங்க தம்பி" என்று மோர் கொடுத்து உபசரித்தார்கள். 12 ஆமைகள் பிடித்தோம். எல்லாவற்றுக்கும் வாலில் எடுத்தேன். சுலபம் அல்லவா!

சிறு குழாயில் இரத்தத்தைச் சுழற்றினால் அணுக்கள் கீழே படியும். மொத்த உயரத்தில் அவை எவ்வளவு என்பதே பி.சி.வி. பெரும்பாலான ஆமைகளில் அது 20 முதல் 35 சதவீதத்துக்குள் இருக்கும். என் ஆமைகளில் 7-க்கு 15 கூட வரவில்லை. ஒன்றுக்கு 11. எனக்கு ஒரே சந்தோஷம்! 'கடுமையான இரத்தசோகை, காரணம் நீர் மாசு' என்று ஓர் அத்தியாயமே எழுதிவிட்டேன்.

எங்கள் பேராசிரியர் அதைப் படித்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார். "சிரிஞ்சுல முதல்ல என்னப்பா வந்துச்சு?"

நான் விழித்தேன். ஆமையின் உடலில் இரத்தக் குழாய்களை ஒட்டியே நிணநீர்க் குழாய்களும் ஓடுகின்றன. வாலில் குத்தும்போது ஊசி இரண்டையும் தொட்டுவிடும். நிறமற்ற நிணநீர் கலந்தால் இரத்தம் தண்ணீர் விட்ட பாலைப் போல் ஆகிவிடும். பி.சி.வி. இறங்கும். நிணநீரில் நிறைந்திருக்கும் லிம்போசைட் அணுக்களின் பங்கு மட்டும் உயரும். பேராசிரியர் என் சில்லுகளை நுண்ணோக்கியில் வைத்தார். எங்கு பார்த்தாலும் லிம்போசைட். "ஆமைக்கு ரத்தசோகை இல்லப்பா, உன் ஊசிக்குத்தான் கோளாறு" என்றார்.

"சார், ஆனா அந்தத் தண்ணி நிஜமாவே மோசம்" என்றேன்.

"இருக்கலாம். ஆனா அதை ஆமை ரத்தம் சொல்லலை. நீ சொல்றே."

எந்தச் சிரிஞ்சில் தெளிந்த நீர் முதலில் வந்தது, எதில் நிறம் வெளிறியது என்று நான் குறித்து வைக்கவில்லை. குறித்திருந்தால் கலப்படமானவற்றை மட்டும் ஒதுக்கியிருக்கலாம். குறிக்காததால் 12-ஐயும் விட வேண்டியதாயிற்று. உடனே மறுபடி எடுக்கவும் அவர் சம்மதிக்கவில்லை. ஆமைகளுக்கு இரத்தம் ஊற அவகாசம் வேண்டும் என்றார். ஆய்வேடு ஒரு வருடம் தள்ளிப்போனது. வீட்டில் அப்பா, "இன்னுமா முடியலே?" என்று கேட்பார். பதில் சொல்லாமல் வெளியே போய்விடுவேன்.

அதைவிடக் கஷ்டம், ஊராரிடம் போய்ச் சொன்னது. அத்தியாயம் எழுதிய சூட்டில், முடிவு கிடைத்துவிட்டது என்று அவர்களிடம் சொல்லி வைத்திருந்தேன். தப்பாகிவிட்டது என்று சொன்னபோது யாரும் கோபிக்கவில்லை. மோர் கொடுத்த பெரியவர் மட்டும் கேட்டார்: "அப்ப அந்த வாயில்லாப் பிராணிகளைச் சும்மாவா தம்பி குத்தினீங்க?"

30 ஆண்டுகளாக நான் ஆசிரியராக இருக்கிறேன். அந்தக் கேள்விக்கு இன்றும் என்னிடம் பதில் இல்லை.

அடுத்த ஆண்டு மறுபடி அனுமதி வாங்கிக்கொண்டு போனேன். துறை அட்டெண்டர் அண்ணன் பொறுமையாகக் கழுத்தைப் பிடித்துக் கொடுக்க, கழுத்துச் சிரையில் எடுத்தேன். தெளிந்த நீர் வந்தால் ஊசியை எடுத்துவிடுவேன், அந்த மாதிரியை ஒதுக்கிவிடுவேன், நோட்டில் எழுதிவிடுவேன். இந்த முறை பி.சி.வி. வழக்கமான அளவிலேயே இருந்தது. குளத்து நீரைத் தனியே எடுத்து வேதியியல் துறையில் பரிசோதிக்கக் கொடுத்தோம். தண்ணீரைப் பற்றிய கேள்வியைத் தண்ணீரிடம்தானே கேட்க வேண்டும்! அந்த அறிக்கையை ஊரார் தங்கள் மனுவோடு இணைத்துக்கொண்டார்கள்.

மாணவர்களே, உங்களுக்குச் சொல்ல விரும்புவது அதிகமில்லை. ஆமையின் இரத்த அளவு ஆமையை மட்டும் பொறுத்ததல்ல. பருவம் மாறினால் மாறும். வெயில் ஏறினால் மாறும். முட்டையிடத் தயாராகும் பெண் ஆமைக்குக் கால்சியம் ஏறியிருக்கும். அதை நோய் என்று எழுதிவிடக் கூடாது. சிவப்பணுவுக்குள் அட்டை மூலம் பரவும் ஒட்டுண்ணி ஒன்றிரண்டு தெரியலாம். நன்றாகத் திரியும் ஆமையிலும் அது இருக்கும். ஆகவே தேதி, நேரம், வெப்பநிலை, எடை, பாலினம், குத்திய இடம், சிரிஞ்சில் முதலில் வந்தது என்ன — இத்தனையும் குளத்தங்கரையிலேயே எழுத வேண்டும். ஹாஸ்டலுக்குப் போய் ஞாபகத்திலிருந்து எழுதினால் நாம் விரும்பியதைத்தான் எழுதுவோம்.

இன்னொன்று. நல்ல காரியத்துக்காகத்தானே என்று நினைக்கும்போதுதான் மனசு அதிகம் ஏமாற்றும். அன்று நான் யாரையும் ஏமாற்ற நினைக்கவில்லை. ஊருக்கு உதவத்தான் நினைத்தேன். அந்த நினைப்பே சில்லைப் பார்க்கவிடாமல் என் கண்ணை மறைத்தது. தனக்குப் பிடித்த விடை வந்தால் இரண்டு தடவை சரிபாருங்கள். பிடிக்காத விடையை எப்படியும் பத்துத் தடவை பார்க்கத்தானே போகிறீர்கள்!

நண்பர்களே, சங்கத்தின் சார்பில் துறைக்குப் புதிய நுண்ணோக்கி வாங்க நிதி திரட்டுவதாகச் செயலாளர் சொன்னார். என்னால் இயன்றதைக் கொடுத்திருக்கிறேன். கூடவே ஒரு மரப்பெட்டியையும் துறைத் தலைவரிடம் ஒப்படைத்திருக்கிறேன். அதில் என் ஆமை இரத்தச் சில்லுகள் உள்ளன. மேல் தட்டில் இரண்டாம் ஆண்டு எடுத்தவை. கீழ்த் தட்டில் அந்தக் கெட்டுப்போன 12. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து மாணவர்களுக்குக் காட்டுங்கள் என்று கேட்டுக்கொண்டிருக்கிறேன். நல்ல இரத்தம் எப்படி இருக்கும் என்று புத்தகத்தில் படம் இருக்கிறது. கெட்டது எப்படி இருக்கும் என்று யாராவது காட்டினால்தானே தெரியும்! அப்படியாவது அந்த ஆமைகளைச் சும்மா குத்தியதாக ஆகாமல் இருக்கட்டும்.

சாப்பாட்டு வாசனை வந்துவிட்டது. இதற்கு மேல் பேசினால் தப்பு. அந்த ஒரு கேள்வியைக் கேட்ட என் ஆசானுக்கு நன்றி கூறி அமர்கிறேன்.