பழைய நாற்காலிக்குப் புது மெருகு

பழைய மரச்சாமான் கடையில் தேக்கு நாற்காலி ஒன்றை மலிவாக வாங்கி வந்து, அன்றைக்கே பெயின்ட் டப்பாவைத் திறப்பவர்கள் உண்டு. கொஞ்ச நாளில் அது செதில் செதிலாக உரியும். குறை பெயின்டில் இல்லை. அடியில் இருக்கும் எண்ணெய்ப் பிசுக்கிலும் பழைய வார்னிஷிலும்தான் இருக்கிறது.

முதலில் சோப்புத் தண்ணீரில் துடைத்து, நன்றாகக் காயவிடுங்கள். பிறகு உப்புத்தாள். தாளின் எண் கூடக்கூட நயம் கூடும். 120-ல் தொடங்கி 220-க்கு வாருங்கள். மர ரேகை ஓடும் திசையிலேயே தேய்க்க வேண்டும். ஆணி ஓட்டைகளுக்குப் பட்டி வைத்துத் தேய்த்தபின், கண்ணை மூடிக்கொண்டு உள்ளங்கையால் தடவிப் பாருங்கள். கண்ணுக்குத் தெரியாத மேடு பள்ளம் கைக்குத் தட்டுப்படும்.

பிரைமர் ஒரு பூச்சு, அதன்மேல் எனாமல் மெல்லிசாக இரண்டு பூச்சு. ஒரே பூச்சில் கெட்டியாக அடித்தால் வழிந்து, துளித்துளியாக நின்றுவிடும். கடைசிப் பூச்சைத் தவிர, ஒவ்வொரு பூச்சும் காய்ந்ததும் 320 தாளால் லேசாகத் தேய்த்துத் தூசியைத் துடையுங்கள்.

முக்கியமான ஒன்று. பழைய பெயின்டில் ஈயம் இருக்கலாம். வீட்டுப் பெயின்டில் ஈயம் 90 பிபிஎம்-க்கு மேல் கூடாது என்ற விதி இந்தியாவில் நடைமுறைக்கு வந்ததே 2017 நவம்பரில்தான். அதனால் பழைய பெயின்டை உலர்வாகச் சுரண்டாதீர்கள். நல்ல முகக்கவசம் அணிந்து, வாட்டர் பேப்பரைத் தண்ணீரில் நனைத்துத் தேய்க்க வேண்டும். வேலை முடிந்து இடத்தைக் கழுவும்வரை குழந்தைகளை அந்தப் பக்கமே விடாதீர்கள்.