காதுக்கும் கொஞ்சம் ஓய்வு

சென்னையை அடுத்த வண்டலூர்ப் பக்கத்து இளைஞர்கள் பிறந்தநாள் கொண்டாடும் முறை மாறிவருகிறது. கேக் வெட்டி முகத்தில் பூசுவதோடு சிலர் நிறுத்துவதில்லை. நண்பர்களோடு கேளம்பாக்கம் சாலை வழியாக பழைய மாமல்லபுரம் சாலை (ஓ.எம்.ஆர்.), கிழக்குக் கடற்கரைச் சாலை (ஈ.சி.ஆர்.) பக்கம் போய், டி.ஜே. நடத்தும் மின்னணு இசை இரவில் ஆடிவிட்டு வருகிறார்கள்.

மின்னணு இசை நமக்குப் புதிதல்ல. 1969-லேயே அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் மூக் சின்தசைசர் என்ற மின்னணு இசைக்கருவியோடு ஓர் இசைக்கூடம் அமைந்தது. 1986-ல் வந்த 'புன்னகை மன்னன்' படத்துக்கு இளையராஜா கணினித் துணையோடு இசையமைத்தார்.

இசை எப்படி இருந்தாலும் கேட்பது அதே காதுதான். 85 டெசிபல் சத்தத்தை 8 மணி நேரம் வரை காது தாங்கும். அதற்குமேல் ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் நேரம் பாதியாகும். இந்தக் கணக்கில் 100 டெசிபலுக்குக் கால் மணி நேரம்தான்! உள்காதில் ஒலியை உணரும் மயிர்ச்செல்கள் அழிந்துவிட்டால் மறுபடி முளைக்காது.

ஸ்பீக்கர் பக்கத்திலேயே ஆடிவிட்டு வந்த பையனிடம் மறுநாள் காலையில் அம்மா கேட்டார்: "ராத்திரி எத்தனை மணிக்குடா வந்தே?"

"நாலு இட்லி போதும்மா!"

2022-ல் உலக சுகாதார நிறுவனம் இசை அரங்குகளுக்கு வகுத்த நெறிமுறை சொல்லும் விஷயங்களில் மூன்று: சராசரி ஒலி 100 டெசிபலைத் தாண்டக்கூடாது, காதடைப்பான் கிடைக்க வேண்டும், ஓய்வெடுக்க அமைதியான இடம் வேண்டும்.

ஆடுங்கள், பாடுங்கள். ஆனால் ஸ்பீக்கரை விட்டுத் தள்ளி நில்லுங்கள். அவ்வப்போது வெளியே வந்து காதுக்கு ஓய்வு கொடுங்கள். அடுத்த பிறந்தநாள் வாழ்த்தும் தெளிவாகக் கேட்க வேண்டுமே!